ஏழை நாடு ஏன் ஏழையாகவே இருக்கிறது: எந்தக் கேள்விக்கு எந்தக் கோட்பாடு?

பொருளியல் மேம்பாட்டைப் பாடமாக எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நாடும் வளர்ச்சியில் ஐந்து கட்டங்களைக் கடக்கும் என்ற பொருளியலாளர் ரோஸ்டோவின் கோட்பாட்டைப் படிக்கும்போது அது சரியென்று படுகிறது. அடுத்து, ஏழை நாடுகள் பணக்கார நாடுகளைச் சார்ந்திருப்பதே அவற்றின் நிலைக்குக் காரணம் என்னும் சார்புக் கோட்பாட்டைப் படித்தால் அதுவும் சரியென்றே தோன்றுகிறது. அதற்குப் பின் நிறுவனக் கோட்பாடு (சட்டமும் ஆட்சி அமைப்புமே காரணம் என்பது), புவியியல், வளர்ச்சி அரசு (தொழில் வளர்ச்சியை அரசே முன்னின்று நடத்துவது) என்று வரிசையாக வந்து நிற்கின்றன. ஆய்வேட்டுக்கோ தேர்வுக் கட்டுரைக்கோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் பலரும் எல்லாவற்றிலிருந்தும் ஒரு பத்தி எடுத்துக் கோத்து, "காரணங்கள் பல" என்று முடித்துவிடுகிறார்கள். அதை விடை என்று ஏற்க முடியாது. இந்தக் கோட்பாடுகள் ஒரே கேள்விக்குப் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்பவை அல்ல. ஒவ்வொன்றும் பதில் சொல்லும் கேள்வியே வேறு. அதனால் தேர்வைக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

## எந்த இடைவெளியைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலில் அளவையை உறுதிசெய்துகொள்ளுங்கள். பாதிச் சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன.

தலா வருமானம் 1,000 டாலர் உள்ள நாடு ஆண்டுக்கு 5 சதவீதமும், 40,000 டாலர் உள்ள நாடு 2 சதவீதமும் வளர்வதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் ஏழை நாட்டில் ஆளுக்கு 50 டாலர் கூடும். பணக்கார நாட்டில் 800 டாலர் கூடும். விகிதம் குறைகிறது, வித்தியாசமோ 750 டாலர் அதிகமாகிறது. இதே வேகம் ஓர் ஆண்டுகூடத் தடைபடாமல் நீடித்தாலும் எட்டிப்பிடிக்க ஏறக்குறைய 127 ஆண்டுகள் ஆகும். "இடைவெளி குறைகிறது", "இடைவெளி கூடுகிறது" என்ற இரண்டு வாக்கியங்களும் இந்த ஒரே கணக்கில் உண்மை.

அடுத்தது நாணயம். வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட வாங்கும் திறன் சமநிலையில், அதாவது உள்ளூர் விலைவாசியைக் கணக்கில் கொண்டு, கணக்கிட வேண்டும். ஏழை நாடுகளில் சேவைகள் மலிவு என்பதால் அந்தக் கணக்கில் இடைவெளி சிறிதாகத் தெரியும். வெளிக்கடன், எரிபொருள் இறக்குமதி, மருந்து இறக்குமதி பற்றிப் பேசினால் சந்தை மாற்று விகிதமே சரி. கடன்காரருக்கு வாங்கும் திறன் சமநிலையில் யாரும் வட்டி கட்ட முடியாது.

மூன்றாவது எடை. நாட்டுக்கு ஒரு வாக்கு என்று எண்ணினால் 1980களிலும் 1990களிலும் உலகம் விலகிப்போனதாகத் தெரியும். மக்கள் தொகைக்கு ஏற்ப எடை போட்டால், சீனாவின் வளர்ச்சி காரணமாக அதே காலத்தில் உலகம் நெருங்கியதாகத் தெரியும். நீண்டகாலப் படத்தில் ஐயத்துக்கு இடமில்லை: லான்ட் பிரிட்செட்டின் கணக்குப்படி, 1870 முதல் 1990 வரை மிகப் பணக்கார நாட்டுக்கும் மிக ஏழை நாட்டுக்கும் உள்ள விகிதம் சுமார் ஐந்து மடங்காகப் பெருகியது.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்கள் போதும்.

- காலம்: பிளவு எப்படித் தொடங்கியது, ஏன் நீடிக்கிறது, ஒரு நாடு எப்படித் தப்பித்தது ஆகிய மூன்றில் எதை விளக்குகிறது?
- இணை நாடுகள்: வட கொரியாவும் தென் கொரியாவும், ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும், ஜாம்பியாவும் போட்ஸ்வானாவும் ஏன் வேறுபட்டன என்று கேட்டால் வாய் திறக்கிறதா?
- பொய்ப்பிக்கும் வாய்ப்பு: எந்த உண்மை வெளிவந்தால் கோட்பாடு தோற்றது என்று ஒப்புக்கொள்வோம்? இதற்குப் பதில் இல்லையென்றால் அதை நம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.
- செயல் யார் கையில்: நிதி அமைச்சரா, கடன் கொடுப்பவரா, உலக வர்த்தக விதியை எழுதுபவரா?
- மறைவான விலை: கோட்பாடு தவறினால் யார் சுமப்பது?

கடைசி அளவுகோலைப் பாடநூல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. எனக்கு அதுதான் முதன்மையாகப் படுகிறது. கோட்பாடு எழுதியவர் பதவி இழப்பதில்லை. அதை நம்பிக் கடன் வாங்கிய நாட்டில் மருத்துவமனை மூடப்படுகிறது.

## மூலதனமும் கட்டங்களும்

இந்தக் கோட்பாட்டுக் குடும்பத்தின் அடிப்படை ஹாரட்–டோமர் சமன்பாடு: வளர்ச்சி வீதம் என்பது சேமிப்பு விகிதத்தை மூலதன–உற்பத்தி விகிதத்தால் (ஓர் அலகு கூடுதல் உற்பத்திக்குத் தேவைப்படும் மூலதனம்) வகுத்தால் கிடைப்பது. சேமிப்பு 12 சதவீதம், விகிதம் 4 என்றால் வளர்ச்சி 3 சதவீதம். 8 சதவீதம் வேண்டுமென்றால் 32 சதவீதம் முதலீடு தேவை. குறையும் 20 சதவீதத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். ஆர்தர் லூயிஸ் 1954இல் விவசாயத்தில் தேங்கிய உழைப்பாளர்கள் தொழில்துறைக்கு நகர்வதை விளக்கினார். ரோஸ்டோவ் 1960இல் முதலீடு தேசிய வருமானத்தின் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் போவதை "மேலெழும் கட்டம்" என்று வரையறுத்தார்.

இதன் வலிமை அளக்க முடிவதுதான். ஒரு நாட்டின் சேமிப்பு எவ்வளவு, விவசாயத்தை விட்டு ஆண்டுக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். கிழக்காசியாவின் வேகத்தைக் கணக்கிட இன்றும் லூயிஸ் மாதிரி உதவுகிறது. உபரி உழைப்பு தீர்ந்ததும் கூலி ஏறத் தொடங்கும் திருப்புமுனையை அது முன்கூட்டியே சொன்னது.

தடுமாறும் இடம் வேறு. மூலதனம் குறைவாக உள்ள இடத்தில் ஆதாயம் அதிகம் என்றால் பணம் தானாகவே ஏழை நாட்டுக்கு ஓட வேண்டும். ராபர்ட் லூகாஸ் 1990இல் இதைக் கணக்கிட்டார்: எளிய மாதிரிப்படி இந்தியாவில் மூலதனத்தின் இறுதிநிலை ஆதாயம் (கூடுதலாகப் போடும் ஓர் அலகு மூலதனம் தரும் ஆதாயம்) அமெரிக்காவில் இருப்பதைப்போல் 58 மடங்கு இருக்க வேண்டும். அப்படியிருந்தும் மூலதனம் ஓடவில்லை. ஆகவே குறைவது பணம் மட்டும் அல்ல.

மறைவான விலையை ஜாம்பியா காட்டியது. அந்த நாட்டுக்கு வந்த உதவி முழுவதும் சமன்பாடு சொன்னபடி முதலீடாக மாறி வளர்ச்சி தந்திருந்தால், 1990களின் நடுவில் தலா வருமானம் 20,000 டாலர் அளவுக்குப் போயிருக்கும் என்று வில்லியம் ஈஸ்டர்லி கணக்கிட்டார். உண்மையில் அது 600 டாலர் அளவில் நின்றது. "இடைவெளியை நிரப்பு" என்று சொல்லிக் கொடுத்த கடன் கடனாகவே தங்கியது.

நிலையான அரசும் அடிப்படைச் சாலை, மின்சார வசதிகளும் உள்ள நாட்டில் ஐந்தாண்டு முதலீட்டுத் தேவையைக் கணக்கிட இந்தக் குடும்பத்தை எடுங்கள். ஏன் பின்தங்கியது என்ற கேள்விக்கு இதைத் தொடாதீர்கள்.

## சார்பும் வாணிப வீதமும்

ரவுல் பிரெபிஷும் ஹன்ஸ் சிங்கரும் 1950இல் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மூலப்பொருள் விற்று இயந்திரம் வாங்கும் நாட்டுக்கு, காலப்போக்கில் அதே இயந்திரத்துக்கு மேலும் மேலும் மூலப்பொருள் கொடுக்க நேரும். இந்த ஏற்றுமதி, இறக்குமதி விலைகளின் விகிதமே வாணிப வீதம். வருமானம் இரட்டித்தாலும் யாரும் இரண்டு மடங்கு கோகோ உண்பதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று: பணக்கார நாட்டில் உற்பத்தித்திறன் கூடினால் அது கூலியாகிறது, உபரி உழைப்பு உள்ள நாட்டில் அது விலைக் குறைப்பாகி வாங்குபவரிடம் போகிறது. ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க், வாலர்ஸ்டைன் ஆகியோர் இதை உலக அமைப்பு முழுவதற்கும் விரித்தார்கள்: பணக்கார நாடுகள் மையம், ஏழை நாடுகள் ஓரம்.

பிளவின் தொடக்கத்தையும் நீடிப்பையும் பேச இதற்கு இணை இல்லை. ஹைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைத்தனத்தை உடைத்து விடுதலை பெற்ற அந்த நாட்டிடம், அங்கீகாரத்துக்கு விலையாக 1825இல் பிரான்ஸ் 150 மில்லியன் ஃபிராங்க் கேட்டது. 1838இல் அது 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. முதல் தவணையைக் கட்டவே பிரெஞ்சு வங்கிகளிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அடிமைகளாக இருந்தவர்கள் தங்கள் விடுதலைக்காக எஜமானர்களுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். இதைச் "சேமிப்பு விகிதம் குறைவு" என்று ஒரு வரியில் எழுதுவது பிழை மட்டும் அல்ல, அநீதியும்கூட.

வலுவற்ற பக்கம் தென் கொரியாவும் தைவானும். ஓரத்தில் இருந்த நாடு மையத்துக்கு நகர முடியாது என்று கடுமையாகச் சொன்ன வடிவம் அங்கே தோற்றது. சார்புக்குள்ளேயும் வளர்ச்சி நடக்கலாம் என்று சொன்ன கார்டோசோவின் மென்மையான வடிவம் தப்பித்தது. விலைப் போக்கு பற்றிய பிந்தைய ஆய்வுகளும் ஒரு திருத்தம் கேட்கின்றன: நீண்டகாலச் சரிவு மெல்லியது, ஏற்ற இறக்கம்தான் பெரிய அடி. விலை ஏறிய ஆண்டில் கடன் வாங்கி, விழுந்த ஆண்டில் மாட்டிக்கொள்வதே வழக்கமான பாதை.

இதிலிருந்து பிறந்த இறக்குமதிப் பதிலீட்டுக் கொள்கையின் (இறக்குமதிக்கு வரி போட்டு அதே பொருளை உள்நாட்டில் செய்வது) மறைவான விலையை எண்ணில் காட்டலாம். உலக விலை 100 உள்ள பொருள், அதில் இறக்குமதி உதிரிகள் 60, உள்நாட்டில் கூட்டப்படும் மதிப்பு 40. முழுப் பொருளுக்கு 50 சதவீத வரி, உதிரிகளுக்கு வரி இல்லை. உள்நாட்டு விலை 150 ஆகும். கூட்டப்பட்ட மதிப்பு 90 ஆகும். 50 சதவீதம் என்று பெயர் சொன்ன பாதுகாப்பு உண்மையில் 125 சதவீதம். முடிவுத் தேதி இல்லாமல் இது தொடர்ந்தால், உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்பதே தொழிலாகிவிடும். ஏற்றுமதி செய்யும் விவசாயி அதற்கான விலையைக் கொடுப்பார்.

## நிறுவனக் கோட்பாடு

சொத்துரிமை, நீதிமன்றம், வரி, அதிகாரத்துக்குக் கடிவாளம் ஆகியவைதான் வேறுபாட்டின் வேர் என்பது இதன் வாதம். அசெமொக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2001இல் குடியேறிய ஐரோப்பியரின் இறப்பு வீதத்தை வைத்து இதை நிறுவ முயன்றார்கள்: அதிகம் இறந்த இடத்தில் குடியேறாமல் சுரண்டும் அமைப்பை மட்டும் வைத்தார்கள், குறைவாக இறந்த இடத்தில் தங்களுக்கான சட்டங்களோடு குடியேறினார்கள். 2024இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இணை நாடுகள் சோதனையில் இதுவே முதலிடம். இரு கொரியாக்களுக்கும் மொழி, மண், வரலாறு ஒன்று. பிரித்தது ஆட்சி அமைப்பு. ஆனால் தரவைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். மாதிரியில் இருந்த 64 நாடுகளில் 36க்கு இறப்பு வீதம் வேறு நாடுகளிலிருந்து எடுத்து வைக்கப்பட்டது என்று டேவிட் அல்புய் 2012இல் சுட்டிக்காட்டினார். குடியேறியவர்கள் சட்டத்தோடு கல்வியையும் கொண்டுவந்தார்களே, எது வேலை செய்தது என்ற கேள்வியும் நிற்கிறது. சீனா இன்னொரு முள். 1978க்குப் பிறகு முப்பது ஆண்டுகள் வேகமாக வளர்ந்தது. தனியார் சொத்துரிமைக்கான விரிவான சட்டமோ 2007இல்தான் வந்தது.

இந்தக் கோட்பாடு காரணத்தை நன்றாகக் காட்டுகிறது. செய்ய வேண்டியதைச் சொல்வதில் தடுமாறுகிறது. "நல்ல அமைப்புகளை உருவாக்குங்கள்" என்பதை எந்த அமைச்சரும் ஒரு நிதியாண்டில் செய்ய முடியாது. அதனால் நடப்பது நகல்: ஊழல் தடுப்பு ஆணையம், கொள்முதல் சட்டம், தணிக்கை விதி எல்லாம் எழுத்தில் வருகின்றன, கடன் தவணை விடுவிக்கப்படுகிறது, நடைமுறை அப்படியே இருக்கிறது. இன்னொரு விலையும் உண்டு. பழியை முழுவதும் உள்நாட்டின் மேல் வைத்துவிட்டால் வெளிநாட்டு வங்கியில் ஒளித்த பணமும், வரி ஏய்க்கும் விலை நிர்ணயமும் கண்ணில் படாமல் போகும்.

## புவியியல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். வளரும் நாடுகளில் 32 நாடுகள் கடலே இல்லாதவை. அண்டை நாட்டின் சாலை, துறைமுகம், சுங்கச்சாவடியை நம்பியே அவற்றின் ஏற்றுமதி நடக்கிறது. மலேரியாவும் வெப்பமண்டல மண்ணும் உற்பத்தியைக் குறைப்பது உண்மை. ஆனால் மாறாத ஒன்றை வைத்து மாறியதை விளக்க முடியாது. சிங்கப்பூர் 1960இலும் இன்றும் அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. சரக்குச் செலவு, நோய்த்தடுப்பு, பாசன முதலீடு ஆகியவற்றைத் திட்டமிட இதை எடுங்கள். விதி என்று எழுதினால் கை கட்டிக்கொண்டு உட்காரவே அது உதவும்.

## வளர்ச்சி அரசு

"எப்படித் தப்பித்தார்கள்?" என்ற கேள்விக்கு விரிவான, செயல்முறையான பதில் இங்கேதான் இருக்கிறது. தென் கொரியாவில் எது எந்த வரிசையில் நடந்தது என்று பாருங்கள். 1950இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் உடைமைக்கு 3 ஹெக்டேர் உச்சவரம்பு வைத்து, பெருநிலக்கிழார்களின் அரசியல் பிடியை உடைத்தது. 1961இல் வணிக வங்கிகள் அரசின் கைக்கு வந்தன. 1964இல் நாணயம் டாலருக்கு 130 வோன் என்பதிலிருந்து 255க்கு மதிப்புக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏற்றுமதி 100 மில்லியன் டாலரை எட்டியது. 1977இல் 10 பில்லியனை எட்டியது.

மலிவுக் கடன், வரிச் சலுகை எல்லா நாடும் கொடுத்தவைதான். வேறுபாடு நிபந்தனையில் இருந்தது: ஏற்றுமதி இலக்கை எட்டினால் கடன் தொடரும், தவறினால் நிற்கும். உள்நாட்டு விற்பனையை அதிகாரியின் தயவால் பெருக்கிக்காட்ட முடியும், வெளிநாட்டு வாங்குபவரை அப்படி ஏமாற்ற முடியாது. அதனால் ஏற்றுமதி அளவே தேர்வுத்தாளாக இருந்தது.

போஹாங் எஃகு ஆலையைக் கிட்டத்தில் பாருங்கள். நிறுவனம் 1968இல் தொடங்கியது. உலக வங்கியின் சாதகமற்ற மதிப்பீட்டுக்குப் பின் வெளிநாட்டுக் கூட்டமைப்பு கைவிட்டது. 1965 ஒப்பந்தத்தில் ஜப்பான் தந்த நிதியைத் திருப்பி 1973இல் முதல் கட்டத்தை முடித்தார்கள். ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் டன் திறன். நைஜீரியாவின் அஜாவோகுட்டா ஆலை 1979இல் தொடங்கியது. பல பில்லியன் டாலரை விழுங்கியும் திட்டமிட்ட உற்பத்திக்கு அது வரவில்லை. தாது கொண்டுவர வேண்டிய ரயில் பாதையே பல பத்தாண்டுகள் முடியாமல் கிடந்தது. இரண்டும் அரசுத் திட்டம், இரண்டும் எஃகு. ஒன்றில் காலக்கெடுவும் வாங்குபவரும் இருந்தார்கள், மற்றதில் ஒப்பந்தக்காரர்கள் மட்டும் இருந்தார்கள்.

மறைவான விலை சிறிதல்ல. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன, நீண்ட வேலைநேரத்தைப் பெண் தொழிலாளர்கள் சுமந்தார்கள், கடனில் வளர்ந்த பெருங்குழுமங்கள் 1997 நெருக்கடியில் நாட்டையே பன்னாட்டு நாணய நிதியத்தின் வாசலுக்குக் கொண்டுபோயின. இன்று அதே பாதையைப் பின்பற்ற நினைப்பவருக்கு இன்னொரு தடை: 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்தபின், உள்நாட்டு உதிரிகளைக் கட்டாயமாக்குவதும் ஏற்றுமதி மானியமும் பெரும்பாலான நாடுகளுக்குத் தடை, மிகப் பின்தங்கிய நாடுகளுக்கும் சில குறைந்த வருமான நாடுகளுக்குமே மானிய விலக்கு. கடனை நிறுத்தும் துணிவு இல்லாத அரசு இதைக் கையில் எடுத்தால் மிஞ்சுவது மானியம் மட்டுமே.

## முடிவெடுக்க ஒரு அட்டவணை

| உங்கள் கேள்வி | முதலில் எடுப்பது | கூடவே சரிபார்ப்பது |
|---|---|---|
| பிளவு எப்படித் தொடங்கியது? | சார்பு, நிறுவனம் | காலனிக் கால வரி, கடன் பதிவுகள் |
| ஒரே பகுதியில் இரு நாடுகள் ஏன் வேறுபட்டன? | நிறுவனம் | கல்வி, வெளி உதவி |
| கடன் நெருக்கடி ஏன் திரும்ப வருகிறது? | சார்பு | ஏற்றுமதியில் முதல் பொருளின் பங்கு, கடனின் நாணயம் |
| தொழில் கொள்கை எப்படி அமைப்பது? | வளர்ச்சி அரசு | சலுகையின் முடிவுத் தேதி, உலக வர்த்தக விதி |
| எவ்வளவு முதலீடு தேவை? | மூலதன மாதிரி | பணம் உண்மையில் முதலீடாகிறதா |
| பள்ளி, தடுப்பூசித் திட்டங்களில் எது பயன் தரும்? | கள ஆய்வுச் சோதனைகள் | வேறு இடத்திலும் பலிக்குமா |

கடைசி வரிசையில் உள்ளதற்கு 2019இல் பானர்ஜி, டஃப்ளோ, கிரெமர் மூவருக்கும் நோபல் கிடைத்தது. அது, திட்டம் பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் ஒப்பிட்டு ஒரு திட்டத்தை எடைபோடும் கருவி. நாடுகளுக்கிடையிலான பிளவை விளக்க வந்தது அல்ல. மனிதர்களால் என்ன செய்ய முடிகிறது என்பதை வைத்து மேம்பாட்டைப் பார்க்கும் அமர்த்தியா சென்னின் திறன் அணுகுமுறையும், 1990இல் வந்த மனித மேம்பாட்டுக் குறியீடும் எதை அளப்பது என்பதை மாற்றின. காரணக் கோட்பாடாக அவற்றை எழுதாதீர்கள்.

## ஜாம்பியாவில் பொருத்திப் பார்த்தால்

1964இல் விடுதலை, ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் செம்பு, கடல் இல்லை. 1973இல் ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) எல்லை மூடப்பட்டது. சீன உதவியோடு தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை 1975இல் முடிந்தது. செம்பு விலையும் அப்போதுதான் சரிந்தது. இதுவரை புவியியலும் சார்பும் பேசுகின்றன. ஆனால் போட்ஸ்வானாவும் கடல் இல்லாத, ஒரே கனிமத்தை நம்பிய நாடு. அது 1966இல் விடுதலை பெற்று, 1967இல் வைரம் கண்டெடுத்து, கனிம உரிமையை அரசுக்கு உறுதிசெய்து, 1994இல் வைர வருவாயைச் சேமிக்க பூலா நிதியத்தை அமைத்தது. அடி இருவர் மேலும் விழக்கூடியதே. தாங்கும் ஏற்பாடு ஒரு பக்கம்தான் இருந்தது.

நிறுவனக் கோட்பாட்டோடு இங்கேயே நின்றுவிடவும் முடியாது. ஜாம்பியாவில் 1991, 2011, 2021 ஆகிய ஆண்டுகளில் தேர்தல் மூலம் ஆட்சி கைமாறியது. 2005ஐ ஒட்டிப் பெரும் கடன் தள்ளுபடியும் கிடைத்தது. அதன்பின் 2012இல் 750 மில்லியன், 2014இல் 1 பில்லியன், 2015இல் 1.25 பில்லியன் டாலர் பத்திரங்கள் விற்கப்பட்டன. செம்பு விலை தளர்ந்து, நாணயம் விழுந்து, 2020 நவம்பரில் 42.5 மில்லியன் டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் நாடு தவறியது.

இந்த நாட்டைப் பற்றி எழுதினால் அதிர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதற்குச் சார்புக் கோட்பாட்டையும், அது ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு நிறுவனக் கோட்பாட்டையும் தனித்தனிப் பகுதிகளில் எழுதுங்கள். பரிந்துரையும் அப்போது இரண்டாகப் பிரியும்: விலை உயர்ந்த ஆண்டின் வருவாயில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கும் சட்டம் ஜாம்பிய நாடாளுமன்றத்தின் வேலை, செம்பு விலை விழும்போது தவணையும் தானாகக் குறையும்படி கடன் பத்திரத்தை எழுதுவது கடன் கொடுப்பவரோடு பேசி வாங்க வேண்டியது.